மேல் பல்லை யாரிடம் ஒப்படைப்பது?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று மூன்று பேர் கார்டு போட்டிருக்கிறார்கள். நாலாவது கார்டு பத்திரிகை ஆசிரியருடையது. 'உடம்புக்கு என்ன அம்மா?' என்று கேட்டிருக்கிறார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. பல்லுக்குத்தான்.

இடது பக்கம், மேல் வரிசை, கடைசிக்கு முந்தின பல். எங்கள் கோம்பையில் நாய்களுக்குத்தான் பல் பேர்போனது. மனிதர்களுக்கு அப்படியில்லை. ஐம்பது தாண்டினால் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொள்ளும். எனக்கும் கீழ் வரிசையில் நாலு போய்விட்டது. அதற்கெல்லாம் நான் கவலைப்பட்டதே இல்லை.

ஆனால் இது மேல் பல்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று உங்கள் ஊரில் சொல்வார்களா? எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். பல்லின் வேர் கண்ணில் போய் முடிகிறதாம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மேல் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு வருஷத்தில் பார்வை மங்கிவிட்டது. அவருக்கு எண்பது வயது, பல்லைத் தொடாமல் விட்டிருந்தாலும் மங்கித்தான் இருக்கும் — இது இப்போது தோன்றுகிறது. வலிக்கிறபோது தோன்றவில்லை.

மற்றவர்களுக்குக் கண் போனால் நாலு பேரிடம் பேசிப் பொழுதைப் போக்குவார்கள். நான் என்ன செய்வேன்? நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது. வாசிப்பதும் எழுதுவதும்தான் நான் ஊரோடு பேசுகிற பேச்சு. கண் போனால் பேச்சும் போச்சு. பல்லா, கண்ணா? இதுதான் கேள்வி.

கிராம்பு வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். புகையிலையை அடக்கிப் பார்த்துத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் கன்னம் வீங்கிப்போனது.

அப்போதுதான் வேலுத்தாயி வந்தாள்.

வேலுத்தாயி என் வீட்டுக்காரரின் தங்கை. எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அதனால் அவள் மேல் எனக்குப் பிரியம் அதிகம்.

"மதினி, என்ன இது? ஒரு பக்கம் மட்டும் பொங்கப்பானை வச்சிருக்கீக?"

நான் கன்னத்தைக் காட்டினேன்.

"கெளம்புங்க. இன்னைக்குச் சந்தை. அங்கன ஒருத்தன் பல்லுப் பிடுங்குறான். கைராசிக்காரன்னு ஊரே சொல்லுது."

"மேல் பல்லு" என்றேன்.

"அவங்கிட்ட மேலு கீழெல்லாம் ஒன்னுதான். வாங்க."

போனோம். சந்தையில் மாடு கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் கோணியை விரித்து உட்கார்ந்திருந்தான். ஒரு குறடு. ஒரு பாட்டிலில் சிவப்புத் தண்ணீர். அவனுக்கு முன்னால் துணி விரித்து, அதன் மேல் பல்... பல்... பல். படி கொண்டு அளக்கலாம் போலக் குவித்து வைத்திருந்தான். அத்தனையும் அவன் பிடுங்கியதாம். அதுதான் அவனுக்கு சர்டிபிகேட்.

"உக்காரு ஆத்தா! இம்புட்டுப் பல்லும் எங்கிட்ட வந்ததுதான். ஒன்னு தப்பினது உண்டா? இதுவரைக்கும் இந்தக் கை தப்புனதே கெடையாது!"

சொல்லிக்கொண்டே குறட்டைத் தோள் துண்டில் துடைத்தான். அதே துண்டால் மூக்கையும் துடைத்தான்.

நான் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கத்தான் வெட்கம். சந்தை முழுக்க ஆம்பளைகள். அதனால் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தால் கண்ணுக்கு நேரே எது இருக்கும்? அந்தப் பல் குவியல்தான்.

பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

நான் ஆட்டுக்கிடை போட்ட வீட்டில் பிறந்தவள். மனிதக் கடைவாய்ப் பல்லில் மேடும் குழியுமாக இருக்கும். ஆட்டுக் கடைவாய்ப் பல் அப்படியில்லை. நீளம், ஒடுக்கம், மேலே பிறை பிறையாக வரி ஓடும். குவியலில் பாதிக்கு மேல் வரி ஓடுகிற பல்!

வேலுத்தாயியின் காதருகே போய் மெதுவாகச் சொன்னேன்.

வேலுத்தாயிக்கு மெதுவாகச் சொன்னால் போதாதா? அவள் சந்தைக்கே சொல்லிவிட்டாள்.

"ஏலே! இது ஆட்டுப் பல்லுல்ல!"

மாடு பார்த்துக்கொண்டிருந்த தரகர் ஒருவர் வந்தார். ஒரு பல்லை எடுத்தார். விரலால் தேய்த்தார். "ஆமாத்தா, கெழட்டுக் கெடா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கூட்டம் சிரித்தது. அந்த ஆள் அசரவில்லை.

"ஏன், ஆட்டுக்குப் பல்லு வலிக்காதா?"

கூட்டம் இன்னும் சிரித்தது. இதற்குள் நான் எழுந்துவிட்டேன். நான் எழுந்த இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, "ஆட்டுக்கே பிடுங்குனவன் மனுசனுக்குப் பிடுங்க மாட்டானா?" என்று வாயைத் திறந்தார் பாருங்கள்... அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால் சிரிப்பாக இல்லை. நாங்களெல்லாம் மாடு வாங்கப் போனால் வாயைப் பிளந்து, உதட்டை விலக்கி, பல்லை எண்ணாமல் கயிற்றைத் தொட மாட்டோம். அந்தக் குவியலுக்கு எதிரே நின்ற அத்தனை பேருக்கும் ஆட்டுப் பல் தெரியும். தரகருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. குவியல் பெரிசா என்றுதான் பார்த்தார்கள். நானே வெட்கப்படாதவளாக இருந்திருந்தால் நிமிர்ந்து வாயைத் திறந்திருப்பேன்!

அதோடு, எல்லாமே மனிதப் பல்லாக இருந்தால்தான் என்ன? பிடுங்கின பல் குவியலாக இருக்கிறது. பிழைத்த வாய் எங்கே இருக்கிறது?

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, உத்தமபாளையம் போனோம். ரங்கூனில் பல் வைத்தியம் பார்த்த ராவுத்தர் ஒருவர், சண்டையில் குண்டு விழ ஆரம்பித்ததும் அங்கிருந்து பாதி வழி நடந்தே ஊர் திரும்பியவர், வீட்டின் முன் அறையில் உட்கார்ந்து பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு. பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பில் ஓடுகிற பஸ் மூன்று இடத்தில் நின்றது. ஏறும்போது ஒரு வலி, நிற்கும்போது ஒரு வலி, கண்டக்டர் அடுப்பைக் கிளறும்போது ஒரு வலி.

அறை சின்னது. உயரமான ஒரு நாற்காலி. ஸ்டவ்வில் ஒரு சட்டி கொதிக்கிறது. உள்ளே குறடும் ஊசியும் வேகின்றன. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட இங்கிலீஷ் சர்டிபிகேட். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வேலுத்தாயிக்குத் தமிழும் தெரியாது. ஆகையால் அந்தச் சட்டத்தால் எங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை. இன்னொரு பல் குவியல், அவ்வளவுதான்.

ராவுத்தருக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த ஆள். அவர் வீட்டம்மா விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பொம்பளை இருக்கிறாள் என்றதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வேலுத்தாயி இடுப்பில் கை வைத்தாள்.

"ராவுத்தரே, கேட்டா கோவிக்கக் கூடாது. இதுவரைக்கும் எத்தனை பல்லத் தப்பாப் பிடுங்கியிருக்கீக?"

நான் முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். வந்ததும் வராததுமாகக் கேட்கிற கேள்வியா இது?

அவர் சட்டியில் கிடந்த குறட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஒன்னு" என்றார்.

வேலுத்தாயி இதை எதிர்பார்க்கவில்லை. "ஒன்னா?"

"ரங்கூன்ல. சொத்தைப் பல்லு ஒன்னு, அதுக்குப் பக்கத்துல நல்ல பல்லு ஒன்னு. அவசரத்துல நல்லதை எடுத்துட்டேன்."

"யாருக்கு?"

விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள்தான் சொன்னாள். "எங்கம்மாவுக்கு."

வேலுத்தாயி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? எங்கம்மா சாகுற வரைக்கும் இவுக முன்னாடி சிரிச்சதே இல்ல."

"பல்லு போனதுனாலயா, கோவத்துனாலயா?"

"ரெண்டும்தான்" என்றார் ராவுத்தர். "அதுக்கப்புறம் நூல் கட்டாம எந்தப் பல்லையும் தொடுறதில்ல. கெட்ட பல்லுல சிவப்பு நூல் கட்டுவேன். கண்ணாடியக் கையில குடுப்பேன். இதுதானான்னு நீங்க பாத்துத் தலையாட்டணும். அப்புறம்தான் குறடு."

வேலுத்தாயி என்னைப் பார்த்தாள். நான் முந்தானையை விலக்கினேன்.

அவர் என் வாயைத் தொடுவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வீட்டம்மா விளக்கைப் பிடித்தாள். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எடுக்கத்தான் வேணும்மா. காப்பாத்துற நெலமையில இல்ல. ஆனா இன்னைக்கு எடுக்க மாட்டேன். வீக்கத்துல மரத்துப்போற ஊசி சரியாப் பிடிக்காது. மருந்து தாரேன். சூடான உப்புத் தண்ணி கொப்பளிங்க. புதன்கிழமை வாங்க."

"அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல நசுங்கி வந்தது வாயக் கழுவவா?" என்றாள் வேலுத்தாயி.

எனக்கு வேறு கவலை. கண்! கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? கடைசியில், மேஜை மேல் கிடந்த பென்சிலைக் காட்டினேன். ஒரு துண்டுக் காகிதமும் கொடுத்தார். எழுதினேன்: 'மேல் பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்கிறார்களே. எனக்குக் கண் வேண்டும்.'

அவர் படித்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் புதன்கிழமை நான் போயிருக்க மாட்டேன்.

"நான் எத்தனையோ மேல் பல்லு எடுத்திருக்கேன். யாருக்கும் கண்ணு போனதா நான் பாக்கல. பல்லோட நரம்பு வேற, பார்வையோட நரம்பு வேற. ஆனா நான் சொல்றதை நம்பணும்னு இல்ல. எடுக்குறதுக்கு முன்னாடி இடது கண்ணால மட்டும் பொடி எழுத்து வாசிங்க. எடுத்த பெறகும் வாசிங்க. நீங்களே பாத்துக்கங்க."

"போயிருச்சுன்னா?" — வேலுத்தாயிதான்.

"போகாது. போகும்னு ஒரு சந்தேகம் எனக்கு இருந்தாக்கூட இவுக பல்லைத் தொட மாட்டேன்."

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். நாலு நாளும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் வீட்டிலிருந்த பழைய பத்திரிகையெல்லாம் வாசித்தேன். கடைசித் தடவை என்று நினைத்து வாசித்துப் பாருங்கள்... எண்ணெய் விளம்பரம்கூட எவ்வளவு நன்றாக இருக்கும் தெரியுமா? வீக்கம் வற்றிவிட்டது. வலிகூடக் கொஞ்சம் அடங்கியது. போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றியது. அடங்கின வலி திரும்பி வரும், வரும்போது தனியாக வராது என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை போனேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவரிலிருந்த தேதிக் காலண்டரில் அன்றைய சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மெல்லிய குரலில் வாசித்தேன். திதி... நட்சத்திரம்... "ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை..."

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டியது.

"எந்திரிங்க மதினி!" என்று வேலுத்தாயி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ராவுத்தர் முகம் சுளித்திருந்தால் நியாயம்தான். சட்டி கொதிக்கிறது, மருந்து தயாராக இருக்கிறது. ஆனால் அவர் ஸ்டவ்வைத் தணித்தார்.

"அதுக்குத்தானே இந்தக் காலண்டரையே மாட்டி வச்சிருக்கேன். ஒன்றரை வரைக்கும் உக்காருங்க. பதறிக்கிட்டு இருக்குற வாயில ஊசி போடக் கூடாது."

வீட்டம்மா மோர் கொண்டுவந்தாள். ஒன்றரை மணிவரை வேலுத்தாயியும் அவளும் மாமியார்களைப் பற்றிப் பேசினார்கள். ராவுத்தர் இடையில் வாயே திறக்கவில்லை. அனுபவம்!

ஒன்றரை அடித்தது. சிவப்பு நூல் கட்டினார். கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பார்த்தேன். அதே பல்தான். தலையாட்டினேன். ஊசி சுருக்கென்றது. பிறகு கன்னம் என்னுடையதாகவே இல்லை. அவர் முழங்கை அசைந்தது தெரியும். 'மொடுக்' என்று ஒரு சத்தம் தலைக்குள்ளே கேட்டது. நூலோடு பல் தட்டில் விழுந்தது.

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். உடனே சீட்டைத் தேடினேன்.

"அது வேணாம். அதை மனப்பாடம் பண்ணியிருப்பீக" என்று மறுநாள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "மூணாவது வரி என்ன, எழுதிக் காட்டுங்க."

வலது கண்ணைப் பொத்தினேன். சீட்டைப் பார்த்தேன்.

எழுத்தே இல்லை.

காகிதம் தெரிகிறது; எழுத்து மட்டும் தண்ணீரில் கரைந்த மை மாதிரி ஓடுகிறது. மூன்றாவது வரி, முதல் வரி, எந்த வரியும் இல்லை. பென்சில் கையிலிருந்து நழுவிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை, இல்லை என்று.

"ஆத்தா! கண்ணு போச்சே! எங்கண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!" வேலுத்தாயியின் சத்தம் தெரு முனைக்குக் கேட்டிருக்கும். "ஏலே ராவுத்தரே, இப்ப ரெண்டாச்சா ஒன் கணக்கு!"

ராவுத்தர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாக, "அம்மா, அழுதுக்கிட்டே வாசிச்சா எழுத்துத் தெரியாது. மொதல்ல தொடைங்க" என்றார்.

நான் அழுதுகொண்டிருந்தேனா? சத்தியமாக எனக்கே தெரியாது. பாதிக் கன்னம் மரத்துக் கிடக்கிறது. கண்ணீர் வழிவது எப்படித் தெரியும்? வீட்டம்மா தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் நின்றது. கால், கொம்பு, புள்ளி, எல்லாம். மூன்றாவது வரியை எழுதினேன்: 'அமிர்த யோகம்.' அவர் கேட்கவில்லை. நாலாவது வரியையும் எழுதினேன். ஐந்தாவதையும் எழுதினேன். காகிதம் தீர்ந்துபோனது.

வேலுத்தாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கோவிச்சுக்காதீக ராவுத்தரே" என்றாள்.

"கேக்குற ஆளு கூட வந்தாத்தான் எனக்கும் கை ஒழுங்கா நிக்குது" என்றார் அவர்.

இதைக் கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் தெருவில் எல்லோரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எந்த வைத்தியரிடம் போவது, எப்படி நம்புவது என்று கேட்கிறார்கள். நான் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். சுவரில் தொங்குவதைப் பார்க்காதே, துணியில் குவிந்திருப்பதையும் பார்க்காதே. குறடு கொதிக்கிறதா என்று பார். போன உடனே பிடுங்க வருகிறாரா, பொறுக்கச் சொல்கிறாரா என்று பார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: எதைக் கெடுத்திருக்கிறீர்கள்? ஒன்றையுமே கெடுத்ததில்லை என்று ஒருவர் சொன்னால், உன் பல்லுதான் முதலாவதாக இருக்கப் போகிறது, எழுந்து வந்துவிடு. கெடுத்ததைச் சொல்லி, அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்றும் சொன்னால் வாயைத் திற.

பல் வைத்தியருக்கு மட்டும்தானா இது? கொத்தனாருக்கும் ஆகும். சம்பந்தி வீட்டாருக்கும் ஆகும் என்கிறாள் வேலுத்தாயி. அது அவள் பாடு.

கார்டு போட்ட மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை. பல்லை எடுத்து ஒன்பது நாள் ஆகிறது. இந்தப் பக்கம் முழுவதையும் இடது கண்ணால் மட்டுமே பார்த்து எழுதியிருக்கிறேன்.

இதில் எழுத்துப் பிழை இருந்தால் கண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு.